பத்திரத்தில் வரும் ‘கம்பர்லாந்து கவுண்டி’ என்பது என்ன?

நீங்கள் கேட்டது இதுதான். மேற்கு சிட்னியில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். வக்கீல் அனுப்பிய பழைய உரிமைச் சான்றிதழின் நகலில் ‘கவுண்டி ஆஃப் கம்பர்லாந்து’ என்றும், அதற்குப் பக்கத்தில் ஒரு பாரிஷ் பெயரும் இருக்கின்றன. இது மாவட்டம் மாதிரியா, இதை யார் நிர்வாகம் செய்கிறார்கள், உங்கள் கவுன்சிலின் பெயரும் கம்பர்லாந்துதானே, இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. நீங்கள் வரி கட்டும் கம்பர்லாந்து கவுன்சில் 2016 மே மாதம் ஆபர்ன், ஹோல்ராய்ட், பரமட்டா கவுன்சில்களின் பகுதிகளைச் சேர்த்து உருவானது. பத்திரத்தில் இருக்கும் கம்பர்லாந்து 1788 ஜூன் 4ஆம் தேதி பிறந்தது. முன்னதற்கு அலுவலகம் உண்டு, குப்பை லாரி உண்டு. பின்னதற்கு இன்று ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அது நிலத்தை அடையாளம் சொல்வதற்கான பெயர், அவ்வளவுதான். ஆனால் அதன் கதை அந்த ஒரு வரியில் அடங்காது. இந்த நிலம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் சிட்னியின் பாதி வரலாறு தானே விளங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் பெயர். பிரிட்டனிலிருந்து கைதிகளை ஏற்றிய முதல் கப்பல்தொகுதி வந்து இறங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஜூன் 4 மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிறந்தநாள். கப்பல்களில் பீரங்கி முழங்கியது, விருந்து நடந்தது. அந்த விருந்து நாளில்தான் ஆளுநர் ஆர்தர் ஃபிலிப் இந்தப் பிரதேசத்துக்குக் கம்பர்லாந்து கவுண்டி என்று பெயர் வைத்தார். மன்னரின் தம்பி கம்பர்லாந்து கோமகன் ஹென்றியின் நினைவாக வைத்த பெயர் அது. ஆஸ்திரேலியாவின் முதல் கவுண்டி இதுவே. எல்லை என்று ஃபிலிப் சொன்னது வடக்கே புரோக்கன் பே, தெற்கே பாட்டனி பே, மேற்கே கார்மார்தன், லான்ஸ்டவுன் குன்றுகள். இந்தக் குன்றுகளைத்தான் இன்று புளூ மவுன்டன்ஸ் என்கிறோம். அன்றைக்கு அவற்றின் அடிவாரத்தை ஒரு வெள்ளைக்காரரும் மிதித்திருக்கவில்லை. தூரத்தில் நீலமாகத் தெரிந்ததை எல்லையாக எழுதிக்கொண்டார்கள். இதில் பெரிய வேடிக்கை, அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்துகொண்டிருந்த காடிகல், தாருக், தாராவல் மக்களுக்குத் தங்கள் ஊர் அன்று காலை ஒரு கோமகனின் பெயருக்கு மாறிவிட்டது தெரியாது.

பிறகு ஆறுகள் தெரியவந்ததும் எல்லைகளும் உறுதியாகின. மேற்கேயும் வடக்கேயும் நேப்பியன், ஹாக்ஸ்பரி ஆறு. தென்மேற்கே அதன் துணையாறான கேடராக்ட் ஆறு. தெற்கே கடற்கரையில் புல்லை என்ற ஊரை ஒட்டி முடிகிறது. கிழக்கே கடல். வரைபடத்தில் பார்த்தால் ஒரே ஆறு பின்னாலிருந்து கைபோட்டு அணைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். ஆனால் நேப்பியனும் ஹாக்ஸ்பரியும் ஒரே ஆறு என்பது வந்து இறங்கியவர்களுக்கு முதலில் தெரியாது. 1789இல் இரண்டு இடங்களில் பார்த்து இரண்டு பெயர் வைத்துவிட்டார்கள். 1791இல் வாட்கின் டென்ச், வில்லியம் டாஸ் என்ற இரண்டு அதிகாரிகள் கரையோரமாகவே நடந்து பார்த்துத்தான் ஒன்று என்று உறுதி செய்தார்கள். அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்றும் குரோஸ் ஆறு வந்து கலக்கும் இடம்வரை நேப்பியன், அதற்கப்புறம் ஹாக்ஸ்பரி.

இப்போது மண்ணுக்கு வருகிறேன். கம்பர்லாந்தைப் புரிந்துகொள்ள ஒரு சாப்பாட்டுத் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்பெல்லாம் மணற்கல், நடுவில் களிமண். வடக்கே ஹார்ன்ஸ்பி மேட்டுநிலம், தெற்கே வொரொனோரா மேட்டுநிலம், இரண்டும் ஹாக்ஸ்பரி மணற்கல். தண்ணீர் நிற்காது, சத்தும் இல்லை, பள்ளத்தாக்குகள் செங்குத்தாக இறங்கும். நடுவில் பரமட்டா, பிளாக்டவுன், லிவர்பூல், பென்ரித் என்று விரியும் தாழ்ந்த சமவெளிதான் கம்பர்லாந்து சமவெளி. அங்கே மணற்கல்லின் மேல் வியானமட்டா ஷேல் என்ற களிப்பாறை படிந்திருக்கிறது. வியானமட்டா என்பது சவுத் கிரீக் ஓடைக்குத் தாருக் மொழிப் பெயர். தாய் இருக்குமிடம் என்று பொருள் சொல்கிறார்கள். உங்கள் வீட்டுத் தோட்டத்தில் மண்வெட்டி போட்டால் மழைக்குப் பசையாக ஒட்டி, வெயிலில் செங்கல்லாக இறுகி வெடிக்கிறதா? அதுதான் இந்த ஷேல் மண். அஸ்திவாரம் போடும் பொறியாளர் ‘ரியாக்டிவ் மண்’ என்று சொல்லிக் கூடுதலாகச் செலவு வைப்பதும் இதனால்தான்.

1788இல் வந்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அழகான துறைமுகத்தைப் பார்த்து மயங்கி, மணற்கல் விளிம்பில் இறங்கிவிட்டார்கள். துறைமுகம் அழகாக இருப்பதும் அந்தக் கல்லால்தான். ஆறு அரித்த ஆழமான பள்ளத்தாக்கில் கடல் ஏறி நிரம்பியதுதான் போர்ட் ஜாக்சன். கப்பலுக்கு நல்லது, கோதுமைக்கு ஆகாது. ஃபார்ம் கோவ் என்ற சிறு குடாவின் கரையில் விதைத்தது தேறவில்லை, பஞ்சம் எட்டிப் பார்த்தது. அதனால்தான் 1788 நவம்பரிலேயே பரமட்டா ஆற்றின் மேல்முனையில், ஷேல் மண் தொடங்கும் இடத்தில், ரோஸ் ஹில் என்று இரண்டாவது குடியிருப்பைத் தொடங்கினார்கள். 1791இல் அதற்கு அங்குள்ளவர்கள் சொல்லும் பெயரையே எடுத்துப் பரமட்டா என்று வைத்தார்கள். ஜேம்ஸ் ரூஸ் என்ற முன்னாள் கைதி அங்கே விவசாயம் செய்து தன் காலில் நின்று காட்டினார். 1791இல் அவருக்கு 30 ஏக்கர் எழுதிக்கொடுத்தார்கள். காலனியின் முதல் நில மானியம் அதுதான். இன்று பரமட்டா மேற்கின் தலைநகர் என்று பேசுகிறோமே, அதற்கு முதல் காரணம் களிமண்.

ஆனால் ஷேல் மண்ணைவிட வளமான மண் ஹாக்ஸ்பரிக் கரையின் வண்டல். 1794இல் ரூஸ் உட்பட 22 பேர் அங்கே போய்க் குடியேறினார்கள். கொஞ்ச வருடத்திலேயே காலனியின் சோற்றுப்பானை அதுவாகிவிட்டது. கூடவே வெள்ளமும் வந்தது. 1806 மார்ச் வெள்ளத்தில் அறுவடை போனபோது சிட்னியில் ரொட்டி விலை எகிறியது. ஆளுநர் மக்குவாரி 1810 டிசம்பரில் வெள்ளம் எட்டாத மேடுகளில் விண்ட்சர், ரிச்மண்ட், பிட் டவுன், வில்பர்போர்ஸ், காசல்ரே என்று ஐந்து ஊர்களுக்கு இடம் குறித்தார். மேட்டில் வீடு கட்டு, பள்ளத்தில் பயிர் செய் என்பது உத்தரவு. பலர் கேட்கவில்லை. விவசாயி நிலத்தை விட்டுத் தூரமாகப் படுப்பானா?

இந்த வெள்ளத்துக்குக் காரணமும் நிலத்தின் வடிவம்தான். சுமார் 22,000 சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழை இந்த ஒரு ஆற்றில் வந்து விழுகிறது. விண்ட்சருக்குக் கீழே சாக்வில் பக்கம் ஆறு மணற்கல் இடுக்குக்குள் நுழைகிறது. உள்ளே வரும் வேகத்தில் வெளியே போகமுடியாமல் தொட்டி மாதிரி நிரம்பிப் பின்வாங்குகிறது. 1867இல் விண்ட்சரில் தண்ணீர் 19 மீட்டருக்கும் மேல் ஏறியது. ஈத்தர் என்ற ஒரே குடும்பத்தில் 12 பேர் அந்த இரவில் போனார்கள். 2021, 2022 வெள்ளங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அவை 1867ஐவிட 5 மீட்டருக்கும் மேல் குறைவு. விண்ட்சர் பக்கம் மலிவாக இடம் வருகிறது என்று யாராவது சொன்னால் முதலில் வெள்ள வரைபடத்தைப் பாருங்கள். இதை இலவச ஆலோசனையாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கு எல்லையான நேப்பியனைப் பற்றி ஒரு கிளைக்கதை. 1788இல் கேப் டவுனிலிருந்து கொண்டுவந்த மாடுகளில் சில, மேய்ப்பவரின் கவனக்குறைவால் காட்டுக்குள் போய்விட்டன. பஞ்ச காலத்தில் அதற்காக எவ்வளவு வயிறெரிந்திருப்பார்கள்! ஏழு வருடம் கழித்து, 1795இல், நேப்பியனுக்கு அப்பால் அறுபதுக்கும் மேற்பட்ட மாடுகள் கொழுத்து மேய்ந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஆளுநர் ஹண்டர் நேரில் போய்ப் பார்த்தார். காலனியின் மிகச் சிறந்த புல்வெளியைக் கண்டுபிடித்தது எந்த சர்வேயரும் இல்லை, ஓடிப்போன மாடுகள்தான். அந்த இடத்துக்கு ‘கௌபாஸ்சர்ஸ்’ என்று பெயரானது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்பதால் அது பின்னால் கேம்டன் கவுண்டிக்குள் போயிற்று. இன்றும் கேம்டன் ஊர் கேம்டன் கவுண்டியில், எதிர்க்கரை நரெல்லன் கம்பர்லாந்தில். மாடுகளை முதலில் பார்த்த தாராவல் மக்கள் கேம்ப்பெல்டவுன் பக்கத்துக் குகை ஒன்றில் அவற்றை வரைந்து வைத்திருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது மண்ணின் கதை. அந்த மண் யாருடையது என்ற கேள்வி இதைவிடக் கசப்பானது. குடியேறிகள் விரும்பிய வண்டல் நிலமும் ஆற்றங்கரையும்தான் தாருக் மக்களுக்குக் கிழங்கும் மீனும் கொடுத்த இடங்கள். 1789 ஏப்ரலில் பெரியம்மை வந்து துறைமுகத்தைச் சுற்றியிருந்தவர்களில் பெரும்பகுதியினரைக் கொன்றது. அடுத்த சில ஆண்டுகளில் எதிர்ப்பு மூண்டது. பிட்ஜிகல் வீரர் பெமுல்வோய் பன்னிரண்டு ஆண்டுகள் போராடினார். 1797 மார்ச்சில் பரமட்டா ஊருக்குள்ளேயே வந்து சிப்பாய்களோடு மோதினார், குண்டடி பட்டும் தப்பினார், 1802இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1805 மே மாதம் பிராஸ்பெக்ட் குன்றுப் பக்கம் சமாதானப் பேச்சு நடந்தது. அதைத் தொடங்கிவைத்தவர்கள் பூர்வகுடிப் பெண்கள். சமாதானம் நிலைக்கவில்லை. 1816 ஏப்ரல் 17 விடியலில், மக்குவாரி அனுப்பிய படையின் ஒரு பிரிவு, கேப்டன் வாலிஸ் தலைமையில் ஆப்பின் அருகே ஒரு முகாமைச் சூழ்ந்தது. குறைந்தது 14 பேர் இறந்தார்கள். சிலர் சுடப்பட்டார்கள், சிலர் கேடராக்ட் பள்ளத்தாக்கின் பாறை விளிம்பிலிருந்து விழுந்தார்கள். கவுண்டியின் தென்மேற்கு எல்லை என்று மேலே சாதாரணமாக எழுதினேனே, அந்த ஆறுதான் இது. அந்த நிலப்பரப்பு 2022இல்தான் மாநிலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

அதே மக்குவாரி அதே 1816இல், ரிச்மண்ட் சாலையோரம் 30 ஏக்கரை கோல்பி, நூராகிஞ்சி என்ற இரு பூர்வகுடி ஆண்களுக்கு மானியமாகக் கொடுக்க முன்வந்தார். 1819இல் அது பதிவாயிற்று. பூர்வகுடியினருக்குக் கிடைத்த முதல் நில மானியம் இதுவே. கொல்லவும் உத்தரவு, கொடுக்கவும் உத்தரவு, இரண்டிலும் ஒரே கையெழுத்து. கோல்பியின் தங்கை மரியா லாக் பின்னால் மனு மேல் மனு போட்டு, 1843இல் அண்ணனின் நிலத்தைத் தன் பெயருக்கு வாங்கினார். தன் தாத்தா பாட்டி நடமாடிய மண்ணை ஆளுநரிடம் விண்ணப்பம் எழுதி வாங்க வேண்டியிருந்தது. ‘பிளாக்டவுன்’ என்ற ஊர்ப்பெயர் அந்த இடத்திலிருந்து வந்ததுதான்.

கைதிகளின் கலகத்தை ஒரு பத்தியில் முடித்துக்கொள்கிறேன், ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 1804 மார்ச் 4 இரவு காசல் ஹில் அரசுப் பண்ணையில் இருந்த ஐரிஷ் கைதிகள் கிளம்பினார்கள். ஹாக்ஸ்பரி ஆட்களையும் சேர்த்துக்கொள்வது அவர்கள் திட்டம். மறுநாள் ரவுஸ் ஹில் பக்கம் மேஜர் ஜான்ஸ்டன் படை அவர்களை மடக்கியது. தலைவர் கன்னிங்ஹாமைத் தூக்கிலிட்டார்கள். நான்கு வருடம் கழித்து அதே ஜான்ஸ்டன் ஆளுநர் பிளையையே கைது செய்து தானே கலகக்காரர் ஆனது தனிக்கதை.

சரி, பாரிஷ் என்றால்? மாதா கோயில் பங்கு என்று நினைக்க வேண்டாம். கவுண்டியைத் துண்டு துண்டாக்கிய நில அளவைப் பிரிவு அது. ஆரம்பம் என்னவோ சர்ச்சில்தான். 1802இல் ஆளுநர் கிங் இரண்டு பாரிஷ்களை அறிவித்தார். சிட்னியில் செயின்ட் ஃபிலிப், பரமட்டாவில் செயின்ட் ஜான். புனிதர்களின் பெயர் மாதிரி இருந்தாலும், முதல் இரண்டு ஆளுநர்களான ஆர்தர் ஃபிலிப்பையும் ஜான் ஹண்டரையும் கௌரவிக்க வைத்த பெயர்கள். பிறகு அளவைப் பணி நடக்க நடக்க, பிராஸ்பெக்ட், ரூட்டி ஹில், லிபர்ட்டி பிளெயின்ஸ், ஃபீல்ட் ஆஃப் மார்ஸ் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட பாரிஷ்கள் வந்தன. நடுவில் ‘ஹண்ட்ரட்’ என்று இன்னோர் அடுக்கை நுழைத்துப் பார்த்தார்கள். ஒட்டவில்லை, விட்டுவிட்டார்கள்.

1829இல் ஆளுநர் டார்லிங் குடியேற்ற எல்லையாகப் பத்தொன்பது கவுண்டிகளை அறிவித்தார். அதற்கு வெளியே அரசு நிலம் விற்காது, பாதுகாப்பும் தராது. ஆடு மேய்ப்பவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். அந்தப் பத்தொன்பதில் மூத்தது கம்பர்லாந்து. சுற்றிலும் கேம்டன், குக், ஹண்டர், நார்தம்பர்லாந்து. பின்னால் நியூ சவுத் வேல்ஸ் முழுவதும் 141 கவுண்டிகள் ஆயின. இங்கிலாந்தில் கவுண்டி என்றால் ஆட்சி அமைப்பு. இங்கே அந்த வேலையை முதலில் ஆளுநரும் பின்னால் கவுன்சில்களும் எடுத்துக்கொண்டுவிட்டதால் கவுண்டிக்கு மிஞ்சியது பத்திரம்தான். 1843இலிருந்து கொஞ்ச காலம் தேர்தல் தொகுதியாக இருந்தது, அவ்வளவே.

அப்படியே உறங்கிக்கொண்டிருந்த பெயரை ஒருமுறை எழுப்பினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், சிட்னியின் வளர்ச்சியைத் திட்டமிடக் கம்பர்லாந்து கவுண்டி கவுன்சில் என்று ஓர் அமைப்பு வந்தது. சிட்னி லூக்கர் என்பவர் தலைமைத் திட்ட அலுவலர். 1948இல் திட்டம் தயார், 1951இல் சட்டமானது. தொழிற்சாலை எங்கே, குடியிருப்பு எங்கே என்று பிரித்தது, எதிர்கால நெடுஞ்சாலைகளுக்கு இடம் ஒதுக்கியது, நகரைச் சுற்றிப் பச்சை வளையம் ஒன்றும் போட்டது. வளையம் தாக்குப்பிடிக்கவில்லை. போருக்குப் பிந்தைய குழந்தைகளும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களும் கணக்கைத் தாண்டிப் பெருகினார்கள். வீட்டுத் தேவை, மனை விற்பவர்களின் அழுத்தம் எல்லாம் சேர்ந்து 1959 வாக்கில் வளையத்தைத் திறக்கத் தொடங்கினார்கள். 1963இல் அந்தக் கவுன்சிலையே கலைக்கச் சட்டம் வந்தது. ஆனாலும் திட்டத்தைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். மேற்கில் இன்று நாம் வண்டி ஓட்டும் விரைவுச் சாலைகளின் தடங்கள் பல அன்று கோடு போட்டு ஒதுக்கி வைத்தவை.

மண்ணின் பாகுபாடு மட்டும் இன்றும் மாறவில்லை. விவசாயத்துக்கு ஆகாது என்று விட்டுவைத்த மணற்கல் விளிம்பு தப்பித்துக்கொண்டது. தெற்கே 1879இல் ராயல் தேசியப் பூங்கா, வடக்கே 1894இல் கூ-ரிங்-காய் சேஸ். நடுவில் இருந்த நல்ல மண்ணின் காடு அழிந்தது. கிரே பாக்ஸ், ஃபாரஸ்ட் ரெட் கம் மரங்களும் அடியில் புல்லுமாக விரிந்திருந்த கம்பர்லாந்து சமவெளிக் காடு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அந்தக் காட்டின் உதிர்ந்த பட்டைகளுக்கு அடியில் மட்டும் வாழும் ஒரு நத்தை அழிந்துவரும் உயிரினப் பட்டியலில் இருக்கிறது. மரம் போனதும், கடல்காற்று எட்டாததும் சேர்ந்து வெப்பத்தைக் கூட்டுகின்றன. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி. சுமார் 50 கிலோமீட்டர் கிழக்கே கடற்கரையில் இருப்பவர்களுக்கு அந்தச் சூடு செய்தி மட்டும்தான்.

கவுண்டியும் கவுன்சிலும் எப்படி விலகிப் போகின்றன என்பதற்கு நமக்குத் தெரிந்த இரண்டு கோயில்களே போதும். மேஸ் ஹில் முருகன் கோயில் இரண்டு கம்பர்லாந்திலும் இருக்கிறது. ஹெலன்ஸ்பர்க் வேங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போகும்போது வலங்காங் கவுன்சில் எல்லைக்குள் போகிறோம், ஆனால் கம்பர்லாந்து கவுண்டியை விட்டு வெளியேறவில்லை. அது ஹீத்கோட் பாரிஷ்.

உங்கள் பத்திரத்துக்கு வருவோம். இன்று விற்பனைக்கும் கடனுக்கும் வேண்டியது லாட் எண்ணும் (மனை எண்) டிபி எண்ணும்தான் (அந்த மனை இருக்கும் பதிவான வரைபடத்தின் எண்). கவுண்டி, பாரிஷ் பெயர்களைப் பற்றி நீங்கள் எதுவும் செய்யவேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரம் இருந்தால், மாநில நிலப் பதிவுச் சேவையின் பழைய வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, உங்கள் பாரிஷ் பெயரைப் போட்டுத் திறந்து பாருங்கள். ஒரே பாரிஷுக்குப் பல பதிப்புகள் இருக்கும், பழையதிலிருந்து தொடங்குவது நல்லது. உங்கள் தெரு அதில் இருக்காது. ஓடையை வைத்தும் பெரிய சாலையை வைத்தும்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் வீடு இருக்கும் கட்டத்துக்குள் முதலில் மானியம் பெற்றவரின் பெயரும் ஏக்கர் கணக்கும் கையெழுத்தில் எழுதியிருக்கும்.